காணாமற்போன வட்டு

நுழையும்முன்

நேற்றுவரை கணினித் திரையில் இருந்த ஒரு வட்டின் பெயர் இன்று காணப்படவில்லை. அதிலிருந்த கோப்புகள் அழிந்துவிட்டனவா, அவற்றுக்குச் செல்லும் வழி மட்டும் அடைபட்டுள்ளதா? இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி விரைந்து செயல்படுவதால், மீட்கத்தக்க தரவுகள் பல மீளாமலேயே போகின்றன. பழுதறிதலைக் கைத்திறன் என்பர். அத்திறனில் பெரும்பகுதி, பார்த்ததைப் பார்த்தவாறு சொல்வதிலும் கேள்விகளை முறையாக அடுக்கிக் கேட்பதிலும் அடங்கியுள்ளது.

தொழில் தடத்தில் ஓர் இரவு

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீபெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊராகப் பல நூற்றாண்டுகள் அறியப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் மகிழுந்து உற்பத்தி தொடங்கிய பின்னர் அவ்வூரின் முகம் மாறிற்று. 2006இல் நோக்கியாவின் கைப்பேசித் தொழிற்சாலையும், 2007இல் டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலையும் வந்தன. நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. எனினும் மின்னணுத் தொழில் அங்கு வேரூன்றிவிட்டது. தெற்கே ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான், 2012இல் டைம்லர் கனரக ஊர்தி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு என அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. அவற்றைச் சூழ்ந்து, உதிரிப்பாகம் செய்யும் சிறிய, நடுத்தர ஆலைகள் பல இயங்குகின்றன.

இத்தடத்தில் கணினி என்பது அலுவலக மேசைப் பொருள் மட்டுமன்று. திருகு எவ்வளவு இறுக்கப்பட்டது, பற்றவைப்பு எந்த வெப்பத்தில் நிகழ்ந்தது, குழாயில் கசிவு உண்டா என்பனவெல்லாம் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணோடும் சேர்த்துக் கணினியில் பதிவாகின்றன. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஊர்தியின் பிரேக்கில் குறை தோன்றினால், அதே நாளில் உருவான மற்றப் பாகங்களைத் தேடிப் பிடிப்பதற்கு அப்பதிவே துணை. பதிவு இல்லாத பாகம் நல்ல நிலையில் இருந்தாலும் ஐயத்திற்குரிய பாகமே.

பின்வரும் நிகழ்ச்சி விளக்கத்திற்காகப் புனையப்பட்டது. அதன் ஒவ்வொரு படியும் எந்த ஆலையிலும், எந்தப் பள்ளிக் கணினி ஆய்வகத்திலும் நிகழக்கூடியது.

ஒரகடத்தில் பிரேக் உதிரிப்பாகம் செய்யும் ஓர் ஆலை. மூன்றாம் ஷிப்டு. இரவு 2 மணி 10 நிமிடத்திற்குக் கசிவுச் சோதனை மேசையின் கணினித் திரையில் ஒரு பிழைச் செய்தி தோன்றுகிறது. கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இயக்க அமைப்பு இருக்கும் ‘சி’ வட்டுக்குக் கேடில்லை. சோதனை முடிவுகள் சேரும் ‘டி’ வட்டு மட்டும் பட்டியலில் இல்லை.

“டிஸ்க் செத்துப்போச்சு. ஸ்டோர்ல புதுசு இருக்கும், மாத்திடலாம்,” என்கிறார் மேற்பார்வையாளர். அவருக்கு முன்னே வரிசை நின்றுகொண்டிருக்கிறது; காலை லாரிக்குள் ஏற வேண்டிய பெட்டிகள் காத்திருக்கின்றன. அவருடைய அவசரத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

பல்தொழில்நுட்பப் பட்டயம் முடித்து அங்குப் பயிற்சி பெறும் பெண், “சார், மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுறேன்,” என்கிறார்.

சொல்லில் தொடங்கும் பழுது

‘செத்துப்போச்சு’ என்பது முடிவு, செய்தியன்று. திரையில் வந்த வாசகம் என்ன, எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன் யார் என்ன செய்தார் ஆகிய மூன்றும் செய்திகள். முடிவை முதலில் சொல்லிவிட்டால் செய்தியைத் தேடும் ஆர்வம் மங்கிவிடும். அப்பெண் பிழைச் செய்தியைச் சொல் மாறாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். பல ஆலைகளில் நிழற்படக் கருவியுள்ள கைப்பேசியை உற்பத்திக் கூடத்திற்குள் கொண்டுசெல்ல இயலாது. எழுதுகோலே அங்குப் படக்கருவி.

இவ்விடத்தில் தமிழ்க் கலைச்சொற்கள் தரும் ஒரு சிக்கலையும் காண வேண்டும். வட்டையும் அதைச் சுழற்றும் பொறியையும் சேர்த்து ‘வட்டு இயக்கி’ என்கிறோம். அவ்வட்டோடு இயக்க அமைப்பைப் பேசவைக்கும் மென்பொருளையும் ‘இயக்கி’ என்கிறோம். தொழிற்கூடத்தில் முன்னது ‘டிரைவ்’, பின்னது ‘டிரைவர்’. ‘இயக்கி வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் எழுதினால், பொருளை மாற்றுவதா, மென்பொருளை மீண்டும் நிறுவுவதா என்பது படிப்பவருக்கு விளங்காது. ஆகவே இப்பாடத்தில் பொருளை ‘வன்வட்டு’ என்றும், மென்பொருளை ‘இயக்கி மென்பொருள்’ என்றும் குறிக்கிறோம். தட்டு, வட்டு, நிலைவட்டு எனச் சொற்கள் பல வழங்குவதில் தவறில்லை. ஓர் அறிக்கைக்குள் ஒரு பொருளுக்கு ஒரே சொல் வருதல் வேண்டும்.

வட்டுக்குள் நடப்பது

ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதல் வன்வட்டு அமைப்பில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளையே கொண்டன. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்வட்டு அதைப் போலப் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. அடிப்படை அமைப்போ பெரிதும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன; ஒரு கையின் நுனியிலுள்ள படிப்பு முனை அவற்றின்மேல் அசைந்து படிக்கிறது, எழுதுகிறது.

மேசைக் கணினி வட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7200 முறை சுழலும். மூன்றரை அங்குலத் தட்டின் விளிம்பு அப்போது மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. படிப்பு முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில், சுழற்சி எழுப்பும் காற்றின்மேல் மிதக்கிறது. மனித மயிரிழையின் தடிமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர் என்பதை நினைத்தால் அந்த இடைவெளியின் நுண்மை புலப்படும். ஓடும் கணினியைத் தட்டுவது, நகர்த்துவது, மேசையில் ‘ஒரு குத்து’ விட்டுப் பார்ப்பது ஆகியவை ஏன் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இத்தட்டுகளில் சிராய்ப்பு ஏற்பட்டால் ‘டக், டக்’ என்னும் ஒலி சீராகக் கேட்கும். அவ்வொலி கேட்டவுடன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தொடர்ந்து ஓடும் ஒவ்வொரு நொடியும் சிராய்ப்பை விரிவாக்கும். அதற்குப் பின் அது வீட்டிலோ ஆலையிலோ திறந்து பார்க்கும் பொருளன்று. தூசியற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்தின் வேலை.

ஒரகடத்துக் கணினியில் அவ்வொலி இல்லை. காதை அருகே வைத்துக் கேட்டபோது வட்டு அமைதியாகச் சுழலும் ஓசை இருந்தது.

வெளியிலிருந்து உள்ளே

ஒரு கோப்பு திரைக்கு வர வேண்டுமானால் சில வாயில்களைக் கடந்தாக வேண்டும். மின்சாரம் வட்டுக்குப் போக வேண்டும். தரவு வடம் அதைத் தாய்ப்பலகையோடு இணைக்க வேண்டும். கணினி தொடங்கும்போது முதலில் விழிக்கும் ‘பயாஸ்’ என்னும் நிரல் வட்டை அடையாளம் காண வேண்டும். பிறகு இயக்க அமைப்பின் இயக்கி மென்பொருள், வட்டின் பிரிவுகளைக் குறிக்கும் அட்டவணை, கோப்பு முறைமை, இறுதியாக ‘டி’ என்னும் பெயரெழுத்து. இவற்றுள் எந்த வாயில் அடைபட்டாலும் பயனர் காண்பது ஒன்றே: வட்டைக் காணவில்லை. வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது இங்கும் பொருந்தும். ‘காணவில்லை’ என்பது நோய். காரணம் இவ்வாயில்களுள் ஏதோ ஒன்றில் உள்ளது.

எந்த வாயில் என்று அறிவதற்குச் சுருக்கமான வழி, இயக்க அமைப்புக்கு வெளியே நின்று பார்ப்பதாகும். கணினியை மறுபடி தொடங்கிப் பயாஸ் திரைக்குச் செல்ல வேண்டும். அங்கே வட்டின் பெயர் இருந்து, விண்டோஸில் மட்டும் இல்லையென்றால், மின்சாரமும் வடமும் பெரும்பாலும் சரி; பழுதை மென்பொருள் பக்கம் தேடலாம். பயாஸிலேயே இல்லையென்றால், விண்டோஸை எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் பயனில்லை. இயக்க அமைப்பை மீண்டும் நிறுவுவது பழுதுபார்ப்போர் பலரின் முதல் மருந்தாக இருப்பது வருந்தத்தக்கது. தேவையற்ற இடத்தில் கொடுக்கும் அம்மருந்து, இருக்கும் கோப்புகளையும் கொண்டுபோய்விடும்.

மறுபடி தொடங்குவதற்கு முன் அப்பெண் இன்னொன்றையும் பார்க்கிறார். விண்டோஸில் ‘நிகழ்வு காட்டி’ என்றொரு பதிவேடு உண்டு. வட்டோடு ஏற்பட்ட ஒவ்வொரு பிணக்கும் அதில் நேரத்தோடு எழுதப்படுகிறது. 7 என்னும் எண்ணுடன் வட்டின் பெயரில் வரும் குறிப்பு, வட்டின் பரப்பில் படிக்க இயலாத இடம் இருப்பதைச் சொல்லும். 129 என்னும் எண், வட்டு மறுமொழி தராததால் அதனோடுள்ள தொடர்பு மீட்டமைக்கப்பட்டதைச் சொல்லும். லினக்ஸில் ‘டிமெஸ்க்’ என்னும் கட்டளை இதே வேலையைச் செய்கிறது. இங்கே இரவு 11 மணி முதல் 129 என்னும் குறிப்பு பன்முறை பதிவாகியுள்ளது. 7 ஒன்றுகூட இல்லை. பழுது 2.10க்கு ‘திடீரென’ வரவில்லை. மூன்று மணி நேரமாக வட்டு விட்டுவிட்டுத் தொடர்பை இழந்திருக்கிறது. 11 மணிக்கு என்ன நடந்தது என்று கேட்டபோது, அப்போதுதான் கணினிப் பெட்டியின் தூசு காற்றுக் குழாயால் ஊதப்பட்டது என்கிறார் பணியாளர் ஒருவர்.

பயாஸ் திரையில் முதல்முறை வட்டு தெரிகிறது. மறுபடி தொடங்கியபோது தெரியவில்லை. ஒருமுறை வந்து ஒருமுறை வராத பழுது, இணைப்புத் தளர்ச்சியின் அடையாளம். மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றுகிறார். வன்வட்டிற்கு இரண்டு வடங்கள்: 15 முனைகள் கொண்ட மின்வடம், 7 முனைகள் கொண்ட தரவு வடம். தரவு வடம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவர் புதிய தரவு வடத்தைப் பொருத்துகிறார். மின்வடத்தைத் தொடவில்லை, வட்டை வேறு துளைக்கு மாற்றவுமில்லை. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் வட்டு திரும்பியிருக்கும். எதனால் திரும்பியது என்பது எவருக்கும் தெரிந்திராது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றுதல், வேதியியல் ஆய்வகத்தில் மாணவர் கற்கும் அதே ஒழுங்கு.

தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் வசதியும் வன்வட்டுக்கு உண்டு. அதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதில் எண்ணிட்ட பல குறிப்புகள் உள்ளன. 5ஆம் எண், கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் தொகை. 197ஆம் எண், படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டார்களின் தொகை. இவ்விரண்டும் ஏறினால் பரப்பு கெட்டுவருகிறது. வட்டுக்கு நாள் குறிக்கப்பட்டுவிட்டது. 199ஆம் எண் வேறுவகை. அது தரவு, வடத்தில் பயணம் செய்யும்போது சிதைந்த தடவைகளின் கணக்கு. ஒரகடத்து வட்டில் 5, 197 இரண்டும் சுழியம். 199 மட்டும் உயர்ந்திருக்கிறது. நோய் வட்டில் இல்லை, வடத்தில் இருந்தது என்பதற்கு வட்டே எழுதிக்கொடுத்த சான்று இது. புதிய வடம் பொருத்திய பிறகு அவ்வெண் குறையாது. மேலும் ஏறாமல் நின்றால் போதும்.

வெளிப்புற வட்டுகளில் இதே ஆய்வு இன்னும் எளிது. பயணத்தில் எடுத்துச்செல்லும் சிறிய வன்வட்டு, கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் பெறுகிறது. பழைய வகைத் துளை 500 மில்லி ஆம்பியர் வரையும், அதற்கடுத்த வகை 900 மில்லி ஆம்பியர் வரையும் தரும்படி வரையறுக்கப்பட்டவை. வட்டு சுழலத் தொடங்கும் நேரத்தில் அதற்குக் கூடுதல் மின்சாரம் தேவை. நீண்ட வடத்திலோ பல கருவிகள் தொங்கும் பெட்டியிலோ செருகினால் வட்டு எழும்பாமல் நிற்கும். கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகியவுடன் ‘இறந்த’ வட்டுகள் பல எழுந்துவிடும்.

ஃபார்மேட் செய்யலாமா?

மணி மூன்றாகிறது. விண்டோஸ் தொடங்குகிறது. ‘டி’ என்னும் எழுத்து திரும்ப வந்துவிட்டது. அதைச் சொடுக்கியவுடன் ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது: இவ்வட்டைப் பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா? மேற்பார்வையாளரின் கை சுட்டெலியை நோக்கிப் போகிறது. “வேணாம் சார்,” என்று அப்பெண் தடுக்கிறார். இந்த இரவின் மிக முக்கியமான நொடி அதுவே.

அக்கேள்வியின் உண்மைப் பொருள் என்ன? ‘இதில் எழுதப்பட்டுள்ளதை என்னால் படிக்க முடியவில்லை’ என்பதே. வட்டு வெறுமையாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. வட்டெழுத்து அறியாத ஒருவர் பழங்கல்வெட்டைப் பார்த்து, ‘இதில் கீறல்கள்தாம் உள்ளன, இழைத்து வழவழப்பாக்கிப் புதிதாக எழுதலாமா?’ என்று கேட்பதை இதற்கு ஒப்பிடலாம். ‘ஆம்’ என்று சொல்வது எளிது. பிறகு கல் இருக்கும், எழுத்து இராது.

இக்கேள்வி முற்றிலும் நலமான வட்டைப் பற்றியும் எழும். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியது. அதன்வழி மாணவர் பெற்ற மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பும் இருந்தது. ‘பாஸ்’, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007இல் முதற்பதிப்பை வெளியிட்ட இந்திய இயக்க அமைப்பு. லினக்ஸ், கோப்புகளை ‘ஈஎக்ஸ்டி4’ போன்ற முறைமையில் அடுக்குகிறது. விண்டோஸ் ‘என்டிஎஃப்எஸ்’ முறைமையில் அடுக்குகிறது. லினக்ஸில் வடிவமைத்த வெளிப்புற வட்டை விண்டோஸ் கணினியில் செருகினால், விண்டோஸ் தன் வழக்கப்படி ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்கும். வட்டு நலம், கோப்புகள் நலம், படிப்பவருக்கு மொழி தெரியவில்லை, அவ்வளவே.

எதிர்ப்பக்கமும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸின் அண்மைப் பதிப்புகள் ‘நிறுத்து’ என்று சொன்ன பின்னும் முழுமையாக நிற்பதில்லை; அடுத்த முறை விரைவாக எழுவதற்காக அரைத்தூக்கத்தில் ஆழ்கின்றன. அந்நிலையில் லினக்ஸைத் தொடங்கினால், அது விண்டோஸ் வட்டைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், அல்லது திறக்க மறுக்கும். அது பழுதன்று, எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துபோன ஏட்டில் இன்னொருவர் எழுதாதிருக்கும் எச்சரிக்கை. விண்டோஸில் மறுதொடக்கம் கொடுத்து முறையாக வெளியேறினால் சரியாகிவிடும்.

சில நேரங்களில் பிரச்சினை இவற்றைவிடச் சிறியது. விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரையில் வட்டு முழு அளவோடு தெரியும். பெயரெழுத்து மட்டும் இல்லாதிருக்கும், அல்லது வேறொரு வட்டு அவ்வெழுத்தை எடுத்துக்கொண்டிருக்கும். ஓர் எழுத்தைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பிரிவு அட்டவணையின் கதை வேறு. பழைய முறையில் வடிவமைத்த வட்டின் முதல் செக்டார் 512 பைட் அளவுடையது. அதில் 64 பைட் மட்டுமே, வட்டு எங்கெங்கே எத்தனை பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் அட்டவணை. அந்த 64 பைட் கெட்டுவிட்டால் 320 ஜிகாபைட் வட்டு முழுவதும் வெறுமையாகத் தோன்றும். தாலுகா அலுவலகப் பதிவேட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோனதால், வயல் ஆவியாகிவிடுவதில்லை. பட்டா இல்லையென்பது வேறு, நிலம் இல்லையென்பது வேறு. வரப்புகளைப் பார்த்து அளந்து பதிவேட்டை மீண்டும் எழுதும் மென்பொருள்கள் உள்ளன. புதிய முறை அட்டவணை, தன் படியொன்றை வட்டின் கடைக்கோடியிலும் வைத்திருக்கிறது. முதற்படி சிதைந்தால் கடைசிப்படி கைகொடுக்கும்.

மைப்படி

காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டியலாளர் அவற்றைப் போன்ற கல்வெட்டுகளை எவ்வாறு ஆராய்கின்றனர்? கல்லைத் தூய்மை செய்து, ஈரத்தாளை ஒற்றி, மை தடவிப் படியெடுக்கின்றனர். அதுவே மைப்படி. பிறகு ஐயம் தீர்ப்பதும், விடுபட்ட எழுத்தை ஊகிப்பதும் மைப்படியின்மேல்தான். கல்லில் எவரும் உளியால் எழுத்தைத் திருத்துவதில்லை.

பழுதான வட்டுக்கும் அம்முறையே வேண்டும். விண்டோஸில் வட்டைச் சரிபார்க்கும் ‘செக்டிஸ்க்’ என்னும் கட்டளை பயனுள்ளதுதான். திருத்தும் ஆணையோடு அதை இயக்கினால் அது வட்டின்மீது எழுதும். பொருந்தாத துண்டுகளை வெட்டி ஒட்டும். நலமான வட்டில் அது மருந்து. தேய்ந்துவரும் வட்டில், இருக்கும் ஒரே படியின்மேல் நடத்தும் அறுவை. ஆகவே முதலில், செக்டார் செக்டாராக முழு வட்டையும் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். ‘டிடிரெஸ்கியூ’ என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உருவானது. அது நன்றாகப் படிக்க வரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டுபிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக் கடைசியில் திரும்பி வருகிறது. தேர்வறையில் தெரிந்த வினாக்களை முதலில் எழுதும் மாணவரின் உத்தி அது. திருத்தம் எதுவாயினும் அப்படியின்மேல் செய்யலாம். தவறினால் மூலம் அப்படியே இருக்கும்.

ஆலைக் கணினிகளில் யுஎஸ்பி துளைகள் பூட்டப்பட்டிருப்பது வழக்கம். தகவல் தொழில்நுட்பப் பிரிவின் இசைவின்றி வேறு இயக்க அமைப்பைத் தொடங்க இயலாது. வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது குப்பையாகவே தோன்றும்; விண்டோஸின் மறையாக்கத்தைத் திறக்க 48 இலக்க மீட்புக் குறியீடு வேண்டும். எனவே ஒரகடத்தில் அந்த இரவு எடுத்த முடிவு எளியது. கணினியை அணைத்தனர். அதன்மேல் ‘தொடாதீர்’ என்று எழுதி ஒட்டினர். சோதனை மேசையின் அளவுமானி தனியே இயங்கும். விடியும்வரை ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் கசிவு அளவையும் பதிவேட்டில் கையால் எழுதினர். வரிசையின் வேகம் பாதியாகக் குறைந்தது. மேற்பார்வையாளர் காலையில் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார்.

காலையில் வந்த தொழில்நுட்பக் குழு, வட்டை முழுமையாகப் படியெடுத்து, படியில் கோப்பு முறைமையைச் சீராக்கியது. தொடர்பு அறுந்த நிமிடங்களில் எழுதப்பட்ட ஏழு பாகங்களின் பதிவுகள் தவிர அனைத்தும் கிடைத்தன. அந்த ஏழு பாகங்களும் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு மீண்டும் சோதிக்கப்பட்டன.

நினைவகமும் வெள்ளமும்

இப்போது மடிக்கணினிகளில் சுழலும் வட்டுக்கு மாற்றாகத் திடநிலை வட்டு வருகிறது. அதில் அசையும் உறுப்பு இல்லை, அதிர்ச்சியைத் தாங்கும், ஒலி எழுப்பாது. எனினும் எச்சரிக்கை ஒலி இல்லாமலேயே ஒருநாள் அது நின்றுவிடக்கூடும். அழித்த கோப்பை மீட்பதும் அதில் கடினம். அழிக்கப்பட்ட இடங்களை எது என்று இயக்க அமைப்பு வட்டுக்குத் தெரிவித்துவிடும். வட்டு அவற்றைத் தன் ஓய்வு நேரத்தில் உண்மையாகவே துடைத்துவிடும்.

தெரியுமா?

2011ஆம் ஆண்டு அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா பகுதியில் பெருவெள்ளம் புகுந்து, வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் வன்வட்டு ஆலை மூழ்கியது. உலகச் சந்தையில் வன்வட்டுகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை உயர்ந்தது. 2015 டிசம்பரில் சென்னையிலும் அதன் புறநகரிலும் வெள்ளம் வந்தபோது, மூழ்கியவை வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருந்த கணினிகள். நீரில் நனைந்த வட்டுக்கு உடனே மின்னிணைப்புக் கொடுத்துப் பார்ப்பதும், வெயிலிலோ சூடான காற்றிலோ உலர்த்துவதும் தவறு. சேறு உலர்ந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும், மின்சுற்றும் கருகும். இயக்காமல் மீட்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்வதே வழி.

பழுதுக் குறிப்பு

அந்த இரவு முடிந்து ஷிப்டு மாறும்போது, பயிற்சிப் பெண் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதிய குறிப்பு பின்வருமாறு அமையலாம்:

“கசிவுச் சோதனை மேசைக் கணினி. இரவு 2.10க்கு ‘டி’ வன்வட்டு இயக்க அமைப்பில் தெரியவில்லை. ‘சி’ வன்வட்டில் குறையில்லை. இரவு 11 முதல் நிகழ்வு எண் 129 பன்முறை. எண் 7 இல்லை. 11 மணிக்குக் கணினிப் பெட்டி காற்றால் தூய்மை செய்யப்பட்டது. பயாஸில் முதல்முறை தெரிந்தது, இரண்டாம்முறை தெரியவில்லை. தரவு வடம் தளர்ந்திருந்தது. வடம் மட்டும் மாற்றப்பட்டது. ஸ்மார்ட் எண்கள்: 5 சுழியம், 197 சுழியம், 199 உயர்வு. வட்டு தெரிகிறது, ஆனால் ஃபார்மேட் செய்யக் கேட்கிறது. ஃபார்மேட் செய்யவில்லை. செக்டிஸ்க் இயக்கவில்லை. கணினி 3.05க்கு அணைக்கப்பட்டது. அதன்பின் சோதனை முடிவுகள் கையெழுத்துப் பதிவேட்டில் உள்ளன. படியெடுத்த பின்னரே திருத்தம் செய்க.”

கற்பவை கற்றபின்

பள்ளிக் கணினி ஆய்வகத்திலோ வீட்டிலோ அண்மையில் பழுதான ஒரு கருவியைப் பற்றி, மேற்கண்டதைப் போன்று எட்டு வரிகளில் ஒரு பழுதுக் குறிப்பு எழுதுக. எழுதியவற்றுள் செய்திகள் எவை, முடிவுகள் எவை என அடிக்கோடிட்டுப் பிரித்துக் காட்டி வகுப்பில் கலந்துரையாடுக.